கத்தரிப்பூக் கலர் ஒடுக்கு

எதிர்வீட்டுக் கௌசல்யாவுக்குக் குப்பை என்று உலகத்தில் எதுவும் கிடையாது. என் பிரஷர் மாத்திரை அட்டையில் கடைசி மாத்திரை இருக்கும்போதே வாசலில் வந்து நிற்பாள். "சித்தப்பா, அத முழுங்கிட்டு அட்டையத் தாங்களேன், பஸ்ஸுக்கு சைடு கண்ணாடி செய்யணும்" என்பாள். நான் வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறேனா, அவள் பஸ்ஸுக்குச் சாப்பிடுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சித்தையன்கோட்டையிலிருந்து தினமும் திண்டுக்கல் போய் ஒரு பிளக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். திருவிழாக் கடைகளில் மலிவாக விற்கிற பிளாஸ்டிக் பஸ், டிராக்டர் எல்லாம் வாங்கி வருவாள். பூசணிக்காய் மாதிரி சக்கரம் உப்பிய சாமான்கள். அவற்றைப் பிரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நிஜ வண்டியை இஞ்ச் டேப்பால் அளந்து, ஓர் அடிக்குக் கால் இஞ்ச் என்று மறுபடி செய்வாள். ஜன்னல் கம்பிக்கு ஈர்க்குச்சி. சீட்டுக்கு ரெக்சின் துண்டு. முன்னால் தொங்குகிற எலுமிச்சம்பழத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்த கடுகு.

அவளிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம், உள்ளதை உள்ளபடி செய்வது. கன்னிவாடியிலிருந்து ஒரு டிராக்டர்காரர் ஆசையாகச் செய்யச் சொன்னார். மட்கார்டில் ஒட்டியிருந்த சாணியையும் சேர்த்துச் செய்து கொடுத்தாள். அதன்பிறகு அவர் எங்கள் தெருப்பக்கமே வருவதில்லை.

புருஷன் அய்யனார் மினிபஸ் டிரைவர். முன்னால் ஓட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ரிவர்ஸ் எடுத்தால்தான் தெருவே சுவரோரம் ஒதுங்கும். அதனாலேயே இரண்டு இடத்தில் வேலை போய், மூன்றாவதாக நூர் அகமது பாயிடம் தை மாதம் சேர்ந்தான். "ஒரு ஒடுக்கு விழுந்தாலும் சாவிய வச்சுட்டுப் போயிரணும்ப்பா" என்று சொல்லித்தான் பாய் சாவியைக் கொடுத்தார். அவன் சேர்ந்த வாரமே கௌசல்யா அந்த மஞ்சள் பஸ்ஸை அச்சு அசலாகச் செய்து டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாய் வீட்டு வளாகத்திலிருந்து பஸ்ஸைப் பின்னால் எடுத்த அய்யனார் கேட்டில் ஒரு இடி இடித்தான். கேட் வளைந்தது, பஸ்ஸின் பின்மூலை ஒடுங்கியது. பார்த்தவர் யாருமில்லை. வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற லாரிதான் இடித்துவிட்டது என்று பாய் முடிவு கட்டி, லாரிக்காரர் சடையாண்டியோடு சண்டை போட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டார்.

மத்தியானம் அய்யனார் பஸ்ஸை வாசலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தபோது, "என்ன ஒடுக்கு?" என்று கேட்டாள் கௌசல்யா. "மரத்துல லேசா ஒரசிருச்சு" என்றான். அவன் சாப்பிட்டு எழுவதற்குள் வழக்கம்போல் டேப் பிடித்து அளந்து, போனில் நாலு போட்டோவும் எடுத்துக்கொண்டாள். கை கழுவிய கையோடு அவன் ஒடுக்கைப் பெட்ரோல் போட்டுத் துடைத்தான்.

புதன்கிழமை ஒடுக்கு பாய் கண்ணில் பட்டுவிட்டது.

"அது பழைய டிரைவர் காலத்து ஒடுக்கு மொதலாளி."

"அப்புடியா? ஒன் வீட்டுல இந்த வண்டியச் செஞ்சு வச்சிருக்காகல்ல? வெள்ளிக்கெழமை ஜும்மா முடிஞ்சு வாரேன். அதுல ஒடுக்கு இருந்தாப் பழசு. இல்லாட்டிச் சாவிய வச்சுரு."

அன்றைக்கு எதிர்வீட்டில் நடந்த கூத்து எங்கள் அடுப்படி வரை கேட்டது.

"அது தை மாசத்து வண்டி. தை மாசத்துல ஏது ஒடுக்கு?"

"வேல போயிரும் கௌசி. இனிமே இந்தப் பக்கம் எவன் எனக்கு ஸ்டியரிங்கத் தருவான்?"

வியாழக்கிழமை முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை மெழுகுவத்தியில் கரண்டியைக் காய்ச்சிப் பொம்மை பஸ்ஸின் பின்மூலையில் வைத்து அமுக்கினாள். அய்யனார் பார்த்துவிட்டு, "அப்புடியே இருக்குடி" என்று கும்பிடு போடாத குறையாகச் சொல்லிவிட்டு முதல் டிரிப்புக்குப் போனான். அவன் போனபிறகு அவள் போட்டோவை விரித்து வைத்து, பிரஷ்ஷை எடுத்து மிச்ச வேலையைப் பார்த்தாள்.

ஜும்மா முடிந்து பாய் அய்யனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார். பஸ்ஸைக் கையில் ஏந்தி, கடுகு எலுமிச்சம்பழத்தைப் பார்த்துச் சிரித்தார். திருப்பினார். ஒடுக்கு இருந்தது. அய்யனார் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, ஒடுக்குக்குள்ள இது என்னமோ கத்தரிப்பூக் கலர்ல இழுத்திருக்கே?"

நான் எட்டிப் பார்த்தேன். மகள் கல்யாணத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய ரோஸ் பெயிண்டையும் நீலப் பெயிண்டையும் பாயே கலக்கித் தன் கேட்டுக்கு அடித்தது அந்தக் கலர். ஆத்தூர் வரைக்கும் தேடினாலும் இன்னொரு கேட் அந்தக் கலரில் கிடையாது. பாய் வீட்டுப் பக்கமே போயிராத கௌசல்யாவுக்கு இது தெரியாது.

"வண்டில இந்தக் கலர் இல்லியேம்மா."

"செவ்வாக்கெழமை மத்தியானம் இருந்துச்சு பாய்" என்று போனை நீட்டினாள். போட்டோவில் தேதி, மணி எல்லாம் இருந்தது.

அய்யனார் ஓடாத ஃபேனை அண்ணாந்து பார்த்தான். பாவமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாகப் பொய் சொன்னவள், அதையும் அளவு பிசகாமல் சொல்லித் தொலைத்தாள்.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "சடையாண்டிய நான் என்னென்ன பேசுனேன் தெரியுமா? எல்லாரு முன்னாலயும் பேசுனேம்ப்பா" என்றார். "இந்தப் பொம்மையோட நீ வா. அவன்ட்ட நீயே சொல்லு. அதுக்கப்புறம் வேலையப் பத்திப் பேசுவோம்."

பாயும் அய்யனாரும் போய்ச் சொன்னார்கள். சடையாண்டி அய்யனாரை விட்டுவிட்டுப் பாயைத்தான் அரை மணி நேரம் திட்டினாராம். அதில் பாய்க்கு மனபாரம் இறங்கிவிட்டது. அய்யனாருக்கு வேலையும் தப்பியது. ஆனால் பொம்மையை பஸ்ஸின் டாஷ்போர்டில், பின்பக்கம் டிரைவரைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டார் பாய். எடுத்தால் வேலை போய்விடும்.

மறுவாரம் நிஜ பஸ்ஸின் ஒடுக்கை எடுத்துப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கௌசல்யாவுக்குத்தான் நிம்மதி இல்லை. இஞ்ச் டேப்போடு பஸ்ஸில் ஏறி, டாஷ்போர்டையும் புருஷனையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

"இப்ப வண்டில ஒடுக்கு இல்ல. பொம்மையில மட்டும் இருக்கு. தப்பா இருக்குல்ல சித்தப்பா?" என்று என்னிடம் கேட்டாள்.

"நீ இன்னொரு தடவ ரிவர்ஸ் எடுக்கச் சொல்லு, சரியாப் போயிரும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதை நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.