ஏசுவதற்கு ஒரு வாசல்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கோடீஸ்வரருக்கு நான் வாயாக இருந்தேன்.

சம்பளம் இல்லாத வேலை. வினை என் சொந்த எழுத்தால் வந்தது. காரைக்குடி செக்காலையில் எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டதைப் பற்றி இதே பக்கத்தில் புலம்பியிருந்தேனே, நினைவிருக்கிறதா? கோபத்தில் கடைசி வரியாக, ‘பேசாமல் இந்த ஊரை ஒரு நல்ல கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டால் என்ன?’ என்று எழுதிவைத்தேன். சபாஷ் என்று நீங்களும் மெசேஜ் அனுப்பினீர்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதை இங்கிலீஷில் மாற்றி அந்த மனிதருக்கும் அனுப்பியிருக்கிறார்.

அவர் — பெயர் வேண்டாமே — டெக்னாலஜி கம்பெனிகளில் முதலீடு செய்தே பெரும் பணக்காரர் ஆனவர். பூர்வீகம் நம் பக்கம்தான். பிறந்து வளர்ந்தது வெளிநாடு. தமிழில் ‘வணக்கம்’, ‘போதும்’ இரண்டும் தெரியும். இலையில் உட்கார்ந்து சாப்பிட அது போதும். கிராமசபையில் பேச? மொழிபெயர்க்க ஆள் தேடியபோது, ‘நம்ம கருத்துள்ளவர் காரைக்குடியிலேயே இருக்கிறாரே’ என்று அவருடைய ஆட்கள் என்னைப் பிடித்துவிட்டார்கள்.

ஒக்கூர் பக்கம் ஒரு கிராமம். குடிப்பதற்கு ஊருணித் தண்ணீர்தான். இன்றைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியிறங்குவார்கள். ஆனால் மழைத்தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் தூர்ந்துபோய்க் கிடக்கிறது. ஒரு மூலையில் ஆகாயத்தாமரை வேறு.

திட்டம் இதுதான்: நம்மவர் தன் செலவில் ஊருணியைத் தூர்வாரி, சுத்திகரிப்பு நிலையம் வைத்து, வீட்டுக்கு வீடு குழாய் கொடுப்பார். பதிலுக்கு, முப்பது வருடத்துக்கு ஊருணி அவர் நியமிக்கும் குழுவின் கையில். பஞ்சாயத்து தலையிடக் கூடாது. கிராமசபையில் தீர்மானம் போட்டுவிட்டால், மேலே நடக்க வேண்டியதற்கெல்லாம் ஆள் தயார்.

போகும்போது காரில் எனக்கு விளக்கம் சொன்னார். ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பதெல்லாம் பழைய சாப்ட்வேராம். கம்பெனிக்கு இருப்பதுபோல் ஊருக்கும் ஒரே தலைவர் போதுமாம் — திறமையானவர், எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டு நேரத்தை வீணாக்காதவர். இப்படி நினைக்கும் பெரிய முதலீட்டாளர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். சில தேசங்களில் யாரை மந்திரியாக்குவது என்பது வரைக்கும் அவர்கள் பேச்சு எடுபடுகிறதாம். சொல்லிவிட்டு, ‘நீங்களும் இதைத்தானே எழுதியிருந்தீர்கள்?’ என்றார்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. நான் சாக்கடை நாற்றம் தாங்காமல் எழுதிய வரி... இவர் அதைத் தத்துவமாகவே வைத்திருக்கிறாரே!

ஆள் மோசமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஊருணியைப் பார்க்கப் போனபோது யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றினார். பள்ளிக்கூட வளாகத்தில் கூட்டம். நன்றாகப் பேசினார், நானும் நன்றாகத்தான் மொழிபெயர்த்தேன். வீட்டுக்கு வீடு குழாய் என்றதும் ஒரே கைதட்டல். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் பஞ்சாயத்துத் தலைவர் பாண்டியம்மாள். ஊருணித் தலைவலி விட்டால் போதும் அவருக்கு.

ஆனால் கைதட்டல் வாங்கியது என் வாய் அல்லவா? நாளைக்கு ஊருணி கைமாறிப் போனால், ‘காரைக்குடியிலருந்து ஒரு அம்மா வந்து பேசுச்சு, குடுத்துப்புட்டோம்’ என்றுதானே சொல்வார்கள்? கொஞ்சம் மாற்றிச் சொல்லிக் கெடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அந்த ஜனங்களை ஏமாற்ற மனசு வரவில்லை.

அப்போதுதான் முன்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். வள்ளிக்கண்ணு. ஐம்பது வயதிருக்கும், ஆடு வளர்ப்பவர்.

“கொழாயில தண்ணி வரலைன்னா நாங்க யாருகிட்ட வந்து கேக்குறது?”

செல்போன் ஆப்பில் புகார் கொடுக்கலாம், குழு கவனிக்கும் என்றார் நம்மவர். சொன்னேன்.

“அந்தக் குழு எங்குட்டு இருக்கு?”

இப்போதைக்குப் பெங்களூரில். பிறகு சிங்கப்பூருக்கு மாறலாம். அதையும் சொன்னேன்.

“சரி... அந்த ஆப்புல ஏசலாமா?”

இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது? சொன்னேன். நம்மவர் சிரித்தபடி, ‘ரேட்டிங்கில் ஒரே ஒரு ஸ்டார் கொடுக்கலாமே’ என்றார்.

“ஸ்டாரா?” வள்ளிக்கண்ணு சுற்றிலும் பார்த்தார். “தண்ணி வரலைன்னா விடிஞ்சதும் நான் பாண்டியம்மா வாசல்ல போயி நிப்பேன். இவுகளுக்கு வாசல் எங்குட்டு இருக்குன்னே தெரியலையே!”

கூட்டம் சிரித்தது. பாண்டியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ஏன் அயித்தே, போன வாரம் என் வாசல்ல நின்னு என்ன பேச்சுப் பேசுனீக? அந்த ஏச்சு வாங்க மாட்டாமத்தான் நானே இதுக்கு ஒத்துக்கிட்டேன்.”

“அதுக்குத்தானடி ஓட்டுப் போட்டோம்!”

பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். நம்மவர் உற்சாகமாகிவிட்டார். அவருடைய கொள்கையின் உச்சியே அதுதான் போலிருக்கிறது. ‘பிடிக்காதவர்கள் ஊரை விட்டுப் போய்விடலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய சுதந்திரம் உண்டா?’

அப்படியே சொன்னேன்.

வள்ளிக்கண்ணு உட்காரவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்: “புடிக்கலைன்னா நாங்க எதுக்குப் போகணும்? அவுகளுக்குத்தான் காரு நிக்கிதே.”

தீர்மானத்துக்கு ஆதரவாக நாலைந்து கைதான் உயர்ந்தது. பாண்டியம்மாள் பாதி தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். அப்பாடா! ஊருணி இருந்த இடத்தில் இருக்கிறது. என் வாயால் ஒன்றும் போகவில்லை.

ஆனால் வள்ளிக்கண்ணு பாண்டியம்மாளை விட்டாரா? “வரத்துக்காலை எப்ப வெட்டப் போற, அதைச் சொல்லு” என்று அங்கேயே பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் பாண்டியம்மாளும் வியாழக்கிழமை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. வியாழக்கிழமை பொக்லைன் வந்து வேலை தொடங்கியதாகக் கேள்வி.

திரும்பும்போது நம்மவர், ‘சரியாகத்தான் மொழிபெயர்த்தீர்களா?’ என்று கேட்டார்.

“ஒரு வார்த்தை விடவில்லை சார்” என்றேன். பாவமாக இருந்தது. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. திறமைசாலியை ஜனங்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? திறமை வேண்டாம் என்று யார் சொன்னது? கைக்கெட்டுகிற திறமையாக இருக்கட்டும் என்கிறார்கள். அவ்வளவுதான்.

ஆகையால் அந்தக் கடைசி வரியை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சபாஷ் சொன்னவர்களும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வீடு வந்ததும் ஒன்று உறைத்தது. அந்தச் சாக்கடைக்காக ஒரு பக்கம் எழுதினேன். உங்களிடமெல்லாம் அழுதேன். எங்கள் கவுன்சிலருக்கு மட்டும் ஒரு போன் போடவில்லை! அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். உடனே நம்பரைத் தேடிப் பிடித்தேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். வள்ளிக்கண்ணுவை நினைத்துக்கொண்டு மூச்சு விடாமல் ஏசித் தீர்த்தேன். மனிதர் குறுக்கே பேசாமல் கேட்டார். காலையில் ஆள் அனுப்புகிறேன் என்றார், அனுப்பவும் செய்தார்.

ஆனால் போனை வைக்குமுன் ஒன்று கேட்டார் பாருங்கள்...

“இத்தனை நாளா எங்கேக்கா இருந்தீக?”