உடையாத கை

பெரும்பாக்கத்தில் நான் கவுன்சலிங் கொடுக்கும் அறைக்குள் அந்தப் பெண் வந்ததும் கற்பூர வாசனை அடித்தது. காதலிக்க மறுத்ததற்காக ஒருவன் அவளை நடுத்தெருவில் அடித்துப் போட்டிருந்தான். அவள் மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு.

சின்ன வயதில், சேலையூரில் எனக்கும் அதைத்தான் கட்டினார்கள். பந்தைத் திருப்பித் தராததற்காக மாடிவீட்டு அண்ணன் ஸ்டம்ப்பால் அடித்து என் கையை உடைத்திருந்தான். நான் பேச்சை நிறுத்தியதும், "குழந்தை பயந்துட்டா" என்று அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போனாள். பூசாரி வேப்பிலையால் முகத்தில் அடித்து, விபூதியை ஊதினார். எனக்குப் பயமே இல்லை. அவன் கையை உடைக்க வேண்டும், அவ்வளவுதான். என்னை யாரும் கேட்கவில்லை. அவன் வீட்டார் அவனையும் கூட்டிக்கொண்டு சமாதானம் பேச வந்தபோது, அவனுக்குக் காபியை என்னையே கொடுக்கச் சொன்னாள் அம்மா. மாவுக்கட்டு இல்லாத கையால் நீட்டினேன்.

"எனக்கு பயம்லாம் இல்லக்கா," என்றாள் எதிரே இருந்த அந்தப் பெண். "அவன சாவடிக்கணும் போல கீது. அத சொன்னா, எங்கம்மா கன்னத்துல போட்டுக்கோன்னு சொல்லுது."

"இங்க கன்னத்துல போட்டுக்க வேணாம். முழுசா சொல்லு."

அவள் சொல்லச் சொல்ல, காபி டம்ளரை வாங்கிய அந்தக் கைதான் என் கண்ணில் நின்றது. அது இன்னும் உடையாமல்தான் இருக்கிறது.