வாய்க்குள் முட்டை காத்த மீன்

ஊறிய பாதாம் இலையின் துவர்ப்பு வாசனை, சோமனூரில் எங்கள் வீட்டு உள்ளறையில் எந்நேரமும் நிற்கும். விசைத்தறி ஓட்டும் அப்பா, தறி நின்ற பொழுதெல்லாம் அங்கே கண்ணாடித் தொட்டியின் முன்னால் குந்தியிருப்பார். உக்கடத்து மீன்கடைக்காரர் எங்கிருந்தோ தருவித்துக் கொடுத்த காட்டு "ஃபைட்டர்" ஜோடி அது. கடையில் மினுக்கும் வண்ண வால்காரர்களின் பகட்டெல்லாம் கிடையாது, சேற்று நிறம். போர்வெல் தண்ணீரின் உப்பு அதற்கு ஆகாதென்று, குழாயில் வரும் "நல்ல தண்ணி"யைப் பிடித்து, இலை போட்டுக் கடுங்காப்பி நிறத்தில் வைத்திருந்தார்.

அந்த மார்கழியில் பெண் மீன் முட்டையிட்ட கையோடு செத்துப்போனது. இந்த வகையில் அடைகாப்பது ஆண்தான், அதுவும் வாய்க்குள். தாடை உப்பி, இரையைத் தொடாமல் மூலையில் நின்ற அதைக் காட்டி, "மெரண்டா முழுங்கிப்போடும் கண்ணு, இது போனா வேற இல்ல" என்று அப்பா என்னிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக் கட்டு. வீட்டைக் கழுவித் துடைத்து, வாசலில் வேப்பிலையும் பூளைப்பூவும் செருகியாக வேண்டும். அப்பா தறிக்கும் நான் பூளைப்பூ பறிக்கவும் போயிருந்த நேரத்தில், அம்மா மீனைக் குண்டாவுக்கு மாற்றிவிட்டு, இலையையும் தண்ணீரையும் கொட்டி, தொட்டியைப் பளிச்சென்று தேய்த்துப் போர்த் தண்ணீரை நிரப்பி, மீனையும் அதிலேயே விட்டுவிட்டார்.

அப்பா வந்து பார்த்தபோது அதன் தாடை ஒட்டிப்போயிருந்தது. பக்கத்து வீட்டில் நல்ல தண்ணீர் வாங்கி வந்து ஊற்றினார். இனி ஊற்றி என்ன?

"ஏனுங்க, நோம்பி நாளும் அதுவுமா அதை மட்டும் அழுக்குத் தண்ணியில உடறதுங்களா?" என்றார் அம்மா, இன்னும் எதுவும் புரியாமல்.

"முழுங்கிப்போட்டான் அம்மணி. அத்தனையும் முழுங்கிப்போட்டான்."

தரையில் உட்கார்ந்து அப்பா வாய்விட்டு அழுதார். அம்மாவைத் திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை. மறுநாள் அந்த மீன் போட்ட புழுவையெல்லாம் லபக் லபக்கென்று தின்றது. அதைப் பிடித்து நசுக்கிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

பிறகு அதுவும் போயிற்று. இப்போது அந்த வகை வருவதே இல்லை, அது வாழ்ந்த சதுப்புக் காட்டையே அழித்துவிட்டார்களாம் என்கிறார் உக்கடத்துக்காரர். அப்பாவும் இல்லை. கோவையில் என்னோடு இருக்கும் அம்மா, டம்ளரில் மிஞ்சிய ஒரு வாய்த் தண்ணீரைக்கூடத் தானாகக் கொட்டுவதில்லை. கையில் ஏந்தி நின்றுகொண்டு, "ஏனுங்க, இதைக் கொட்டிப்போடலாமுங்களா?" என்று கேட்பார். வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். என்னை அவர் ஒருநாளும் "ஏனுங்க" என்று அழைத்ததில்லை.