பழவங்காடிக்கு ஒரு கால்

2003 ஜூலை, சனிக்கிழமை. காலை 6.40-க்கு நாகர்கோவிலில் பாசஞ்சர் ஏறினேன். திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர். டிக்கெட் பதினாறு ரூபாய். பையில் இருந்தவை: முழங்காலுக்குக் கீழே பொருத்தும் செயற்கைக் கால் ஒன்று, அதற்குள் மாட்டும் பருத்தி உறைகள் நான்கு, திருகாணிச் சாவி, அம்மா தந்த முந்திரிக்கொத்துப் பலகாரம். செயற்கைக் கால் பட்டறையில் வேலை எனக்கு; இந்தக் கால் நான் செய்தது. அண்ணனுக்கு.

விபத்தில் அவன் கால் போய்ப் பதினோரு மாதம். இரண்டு ஊன்றுகோல்களோடுதான் நடக்கிறான்; செயற்கைக் கால் வேண்டாமாம். இன்னும் தள்ளிப்போட்டால் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். பிறகு நான் எதைச் செய்தாலும் பொருந்தாது.

8.50, திருவனந்தபுரம் ரயில் நிலையம் இருக்கும் தம்பானூர். பைக்கு வெளியே விரல்கள் தெரிந்ததை ஆட்டோக்காரர் பார்த்துவிட்டார். எல்லையோரப் பாறசாலைக்காரர்.

"ஆருக்க காலாக்கும் அது?"

சொன்னேன்.

"திரும்பிப் போகும்போ பை காலியா இருக்கணும், கேட்டோ."

அண்ணன் இருக்கும் பழவங்காடிக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு, பையை வாசல்வரை தூக்கிவந்து தந்தார்.

அண்ணன் டுடோரியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறான். குடியிருப்பது ஒரு வீட்டின் பின்னறை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும் என்பது வீட்டுக்கார அம்மாளின் கண்டிப்பு. கழற்றினேன், அதற்குமேல் யோசிக்கவில்லை.

மேஜை நிறையப் புத்தகங்கள். ஞானவாதிகள் என்ற பழங்காலக் கிறிஸ்தவர்களைப் பற்றியவை. உண்மையான கடவுள் மிக உயரத்தில், யாரும் அறியாதபடி இருக்கிறார். இந்த உலகத்தையும் உடம்பையும் செய்தது அவரல்ல, ஒரு தாழ்ந்த படைப்பாளி. தனக்கு மேலே ஒருவர் இருப்பதே தெரியாமல், நானே கடவுள் என்று சொல்லிக்கொண்டவன். அவன் செய்த குறைப்பட்ட உடம்புக்குள் மேலிருந்து வந்த ஓர் ஒளிப்பொறி சிறைப்பட்டுக் கிடக்கிறது. அண்ணன் விளக்கியதன் சுருக்கம் இது. சிறைக்கு எதற்கு இன்னொரு சுவர் என்று கேட்டான்.

"நான் செய்யுத எந்தக் காலும் அசல் காலுக்குச் சமமில்ல. தெரிஞ்சேதான் செய்யுதேன்" என்றேன்.

எழுபது கிலோமீட்டர் வந்ததற்காக ஒரே ஒரு தடவை நிற்கச் சம்மதித்தான்.

நின்றவன் பின்பக்கமாகச் சரிந்து அலமாரியில் முட்டினான். உடனே புரிந்தது. ஷூவின் குதிகால் உயரம் இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக் கணுக்காலின் சாய்வை அமைத்திருந்தேன். வீட்டுக்கார அம்மாளின் கண்டிப்பால் அவன் நின்றது செருப்பில்லாமல், வெறுந்தரையில்.

"பாத்தியா? நீயும் அந்தப் படைப்பாளிக்க ஆளுதான்" என்று சிரித்தான்.

"ஆமா, நான்தான் தப்பா வச்சிட்டேன். உக்காரு."

திருகாணியைத் தளர்த்தி, சாய்வை மாற்றி, இறுக்கினேன். நிற்கவைத்துப் பார்த்து மறுபடி தளர்த்தினேன். மூன்றாம் தடவை நேராக நின்றான்.

"அவன் ஒருநாளும் தப்புன்னு சொன்னதில்ல பிள்ளே. எனக்க சண்டையே அதுதான்."

பிறகு ஒற்றை ஊன்றுகோலோடு ஜன்னல்வரை நடந்தான். ஒன்பது எட்டு வைத்தான். கொள்கையை அவன் மாற்றிக்கொள்ளவில்லை. மத்தியானம்வரை அந்தக் காலைக் கழற்றவும் இல்லை, இடையில் தோல் சிவந்திருக்கிறதா என்று நான் பார்த்த நேரம் தவிர.

மாலை 4.30 வண்டி. பையில் இப்போது ஓர் ஊன்றுகோல் நீட்டிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் கண்ணில் பட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். வீட்டுக்கார அம்மாளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை எங்கள் பட்டறையின் அளவுத்தாளில் ஒரு கேள்வியைப் புதிதாகச் சேர்த்தேன்: வீட்டுக்குள் செருப்புப் போடுவீர்களா?