வெள்ளவத்தை எக்ஸ்பிரஸில் பாடிய ஆள்

உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு மனுசனை ஒரு பள்ளித் தவணை முழுக்கத் தேடித் திரிந்தவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடியது போதாதென்று அவருக்குப் பயந்தும் போனேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட இப்போதே கொஞ்சம் சிரித்துவைத்தால் எனக்கு வெட்கம் குறையும்.

அப்போது எனக்குப் பத்து வயது. 2011 ஆக இருக்கவேண்டும். ஊரை விட்டு வெளிநாட்டுக்கு வந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பரமட்டாப் பக்கம் ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் பெண்டில் ஹில்லில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். பெரியம்மா அம்மாவின் அக்கா. கோயில் பஜனையில்கூட வாயைத் திறக்காமல் இருப்பவர். அவருடைய குரலை முழுசாகக் கேட்கவேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வா!" அது தெருமுனை பஸ் தரிப்புவரை கேட்கும்.

பெரியப்பாவுக்கு ஒரு வியாதி. கவுன்சில்காரர் பழஞ்சாமான் அள்ளவரும் கிழமையில், சனம் வாசலில் தூக்கிப்போட்டதையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். கராஜில் சுழலாத ஃபான்கள் வரிசையாக நின்றன. எதையாவது திருத்தி முடித்தார் என்று வரலாறு கிடையாது. அப்படிப்பட்டவர் ஒரு ரெக்கோட் பிளேயரை மட்டும், எங்கேயோ அலைந்து புது ஊசி வாங்கிப் பூட்டி, கராஜில் போடாமல் ஹோலில் கொண்டுவந்து வைத்தார். "இது வேலை செய்யும்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பெரியம்மா திரும்பியும் பார்க்கவில்லை. போடுவதற்கு வீட்டில் ஒரு இசைத்தட்டும் இல்லாதபோது இந்த மனுசனுக்கு ஏன் இந்த வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு தட்டு இருக்கத்தான் செய்தது. பெரியம்மா ஒளித்துவைக்கும் சொக்லேட்டுக்காக அவருடைய சூட்கேசைக் குடைந்தபோது கூறைச் சேலைக்குக் கீழே அகப்பட்டது. சின்னத் தட்டு, பழுப்புக் கடதாசி உறை. நடுவில் ஆங்கிலத்தில் 'வெள்ளவத்தை எக்ஸ்பிரஸ்' என்று ஒரு குழுவின் பெயர். பாடியவர் பெயர் இல்லை. ஓரமாக 45 என்று இருந்தது. விலை என்று முடிவுகட்டினேன்.

பெரியம்மா குசினியில் நின்ற நேரம் பார்த்துப் போட்டேன். பிளேயரில், எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு சின்னச் சுவிட்ச் இருந்தது. நான் தொட்டது உடையும் என்பது எங்கள் குடும்பத்தில் நிரூபிக்கப்பட்ட விஞ்ஞானம் என்பதால் அதைத் தொடவில்லை.

முழங்கால் நோக்காரர் படியேறுவதுபோல ட்ரம் வந்தது. மழைக்கு மாடு கத்துவதுபோல ட்ரம்பெட் வந்தது. பிறகு ஓர் ஆண் குரல். தமிழ்தான். தடித்த, சீனிப் பாணி காய்ச்சி ஊற்றினமாதிரிக் குரல். "வா" என்று ஒருதரம் கூப்பிட அவருக்கு ஒரு முழு மூச்சு செலவானது. எங்கள் சொந்தக்காரர் எல்லாருடைய துக்கத்தையும் அந்த ஆள் ஒருத்தரே சுமப்பதுபோல இருந்தது.

திரும்பினால் பின்னால் பெரியம்மா. ஈரக் கை. அடிக்குத் தயாராகத் தோளைச் சுருக்கினேன். விழவில்லை.

"ஆர் பெரியம்மா இந்த ஆள்?"

"தெரிஞ்ச ஆள்தான்."

"இப்ப எங்க இருக்கிறார்?"

"இப்ப இல்லை." கையைத் துடைத்துக்கொண்டே, "கீறிப்போடாத," என்றுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பின்னேரம் தவறாமல் போட்டேன். அவரும் தவறாமல் குசினி வாசலில் வந்து நின்றார். ஒருநாள் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். மற்றக் கையில் வெங்காயம் இருந்ததைத் துப்பறிவாளனாகிய நான் கணக்கில் எடுக்கவில்லை.

விசாரணையைத் தொடங்கினேன். கம்ப்யூட்டரில் தேடினால் ரயில் நேரங்கள் வந்தன. தமிழ்ப் பள்ளி ரீச்சருக்கு அதே குரலில் பாடிக்காட்டினேன். "ஆரின்ர செத்தவீடு, அப்பன்?" என்று கேட்டார். கடைசியில் மரக்கறிக் கடை அங்கிள்தான் பெயரைக் கேட்டதும் கையில் இருந்த வெண்டிக்காயைக் கீழே வைத்தார்.

"எக்ஸ்பிரஸோ! அந்த நேரம் கொழும்பில இப்பிடிச் சின்னச் சின்ன பாண்ட் எத்தனை. ஃபங்க், சோல், டிஸ்கோ எல்லாத்தையும் தமிழில அடிப்பாங்கள். ஒரு தட்டுப் போடுவாங்கள், பிறகு ஆருக்கும் ஞாபகமிராது. ஆனா எக்ஸ்பிரஸ் தொடங்கினா, தம்பி, கிழடுகள்கூடக் கதிரையில இராதுகள்."

"இப்ப எங்க அங்கிள் அவை?"

"எண்பத்திமூண்டுக் கலவரத்தோட பாண்டும் போச்சு, ஆக்களும் திக்குத்திக்காப் போயிட்டினம்." அவர் திரும்பவும் வெண்டிக்காயை முறித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

என்னிடம் இருந்த பாட்டுக்கு யாராவது எழும்பி ஆடுவதென்றால் அது ஆமையாகத்தான் இருக்கவேண்டும். வேறொருவனுக்கு இந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்கும். நான் வேறு கணக்குப் போட்டேன். கூறைக்குக் கீழே ஒளித்த தட்டு. தெரிந்த ஆள். இப்ப இல்லை. கண்ணீர். அம்மாவோடு இருந்து நான் பார்த்த சீரியல்கள் அத்தனையும் ஒரே குரலில் ஒரே பதிலைச் சொல்லின.

பெரியப்பாவை நினைக்கப் பாவமாக இருந்தது. சொன்னால் அவர் வீட்டை விட்டுப் போய்விடுவார், வீடு உடையும், பிறகு பள்ளிக்கூடம் விட்டு நான் எங்கே போவது, மீன் கட்லட் யார் தருவது? சொல்லாவிட்டாலோ, அந்த மனுசன் ஒன்றும் தெரியாமல் ஃபான் திருத்திக்கொண்டே இருப்பார். ஒரு கிழமை எனக்குக் கட்லட் சரியாக இறங்கவில்லை. அந்தச் சனிக்கிழமை கராஜுக்குப் போனேன்.

"பெரியப்பா, நான் ஒண்டு சொன்னா நீங்கள் வீட்டை விட்டுப் போகக்கூடாது."

"எங்க போறது? கார் கராஜ்காரனிட்ட நிக்குது."

"பெரியம்மாவுக்குக் கலியாணத்துக்கு முதல் ஒரு ஆள் இருந்தவர். பாட்டுக்காரர்."

திருப்புளி அவர் கையிலிருந்து விழுந்தது. கையைப் பிடித்து ஹோலுக்குக் கூட்டிவந்து கதிரையில் இருத்தி, தட்டைப் போட்டேன். துக்கக்காரர் பாடத் தொடங்கினார். பெரியப்பா தலையைக் குனிந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார், குடும்பத்தை உடைத்துவிட்டேன் என்று எனக்கும் அழுகை முட்டியது. நிமிர்ந்தபோது பார்த்தால், மனுசன் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஆளைத்தான்ரா நான் கட்டினனான்," என்றார். தட்டில் இருந்த 45ஐ விரலால் காட்டி, "இது சுத்துற வேகம்," என்றுவிட்டு, அந்தச் சின்னச் சுவிட்சை மற்றப் பக்கம் தள்ளினார்.

ட்ரம் துள்ளி எழும்பியது. மாடு கத்தியது போய் ட்ரம்பெட் வெடித்தது. பேஸ் கிட்டார் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கியது. துக்கக்காரர் ஒரே நொடியில் இருபது வயதுப் பெட்டையாக மாறி, வரிக்கும் வரிக்கும் நடுவில் சிரிப்பை அடக்கமாட்டாமல் பாடினாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பஸ் தரிப்பில் நின்றாலும் தெரியும். பெரியப்பாவின் ஒரு கால் அவரைக் கேளாமலே தாளம் போட்டது.

பெரியம்மா அகப்பையோடு வந்தார். வந்த வேகத்துக்கு ஊசியைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். ஊசியைத் தொடவில்லை. சுவிட்சை மட்டும் திரும்பப் பழைய பக்கம் தள்ளினார். அந்தப் பெட்டை வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கி மறுபடியும் அந்த மனுசனானாள். பெரியப்பாவின் கால் நின்றுவிட்டது.

எல்லாம் விளங்கிவிட்ட பெருமை எனக்கு. மிச்சம் ஒரு சின்னக் கேள்விதான் என்று நினைத்துக் கேட்டேன்.

"நான் பிழையாப் போடுறன் எண்டு முதல் நாளே உங்களுக்குத் தெரியுந்தானே, பெரியம்மா? ஏன் சொல்லேல்லை?"

குசினிக்குத் திரும்பி நடந்தபடியே சொன்னார்:

"ஏன், அந்தாள் நல்லாத்தானே பாடினவர்."