மெல்லிய ஊசியும் நானோ குமிழியும்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு, பொம்மசந்திராவில் ஒரு சின்ன ஆராய்ச்சி கம்பெனியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தவள் நான்.

அங்கே செய்தது நானோ குமிழி. 'வயல்' என்கிற சின்ன மருந்துக் குப்பியில் கொழுப்புக் கரைசலை விட்டு, மேலே கனமான ஒரு வாயுவை நிரப்பி, ஷேக்கரில் ஆட்டினால் கொழுப்புத் தோல் போர்த்திய குமிழிகள் உண்டாகும். பெரியவை மேலே மிதந்துவிடும். கீழே தங்கும் பொடிசுகள்தான் எங்களுக்கு வேண்டும். ரத்தத்தோடு போய், புற்றுக்கட்டியின் ஓட்டை விழுந்த ரத்தக்குழாய் வழியே உள்ளே கசிந்து, அல்ட்ராசவுண்டில் கட்டியை வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும் என்பது எங்கள் நம்பிக்கை.

1. வைட்ஃபீல்ட் பயணம்

வைட்ஃபீல்டில் ஒரு மருந்து கம்பெனிக்கு அன்று காட்டவிருந்த டெமோ சொதப்பினால் ப்ராஜெக்டை மூடிவிடுவார்கள். எங்கள் விஞ்ஞானி ஷோபா மேடம் நான்கு வருடம் அதிலேயே கிடந்தவர். ஐஸ் பெட்டியில் இரண்டே வயல். குமிழிக்கு ஆயுள் குறைவு. நாங்கள் போன வாடகை கேப் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நின்றபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஸ்வல்ப சும்மா இருங்க லதா. பெட்டிய திறந்து திறந்து பாத்தா வண்டி நகருமா?" என்றார் மேடம், கன்னடம் கலந்த தமிழில்.

2. கறுப்புத் திரை

மருந்து கம்பெனி அதிகாரி, சேலத்துக்காரர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவசரமாக மெல்லிய ஊசியை மாட்டி, வயலில் குத்தி, ஒரே இழுப்பாக இழுத்தேன். ஜெல்லியால் செய்த பொம்மை உறுப்புக்குள் ஓடும் குழாயில் செலுத்தினேன். அல்ட்ராசவுண்ட் திரை கறுப்பாகவே இருந்தது.

"கேப்ல வர்றதுக்கே தாங்கலியே மேடம். பேஷண்ட் உடம்புல எப்படி தாங்கும்?" என்றார் அதிகாரி.

மேடத்தின் முகம் செத்துவிட்டது.

அப்போதுதான் சிரிஞ்சைக் கவனித்தேன். வயலில் பால் மாதிரி இருந்தது, இதில் கழுநீர் மாதிரி இருந்தது. மூடிய வயலில் காற்றுக்கு வழி விடாமல், மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து குமிழி வீங்கி உடையும். பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் என் கை நர்ஸின் கை. பேஷண்டுக்கு வலிக்கக்கூடாதென்று மெல்லிய ஊசியையே தேடிப் பழகியது.

வாயை மூடிக்கொண்டால் பழி குமிழி மேல் போகும். பயமாகத்தான் இருந்தது.

"சார், குமிழி நல்லாத்தான் வந்துச்சு. உடைச்சது நான். இன்னொரு வயல் இருக்கு, பத்து நிமிஷம் குடுங்க."

தடித்த ஊசி ஒன்று, காற்றுக்கு இன்னொன்று. மெல்ல இழுத்தேன். கால் கட்டைவிரல் ஷூவுக்குள் ஆடிக்கொண்டே இருந்தது. கையை மட்டும் அடக்கினேன். திரையில் குழாய் வெள்ளை வெளேரென்று எழுந்தது.

"இவ்ளோ நிதானமா ஆஸ்பத்திரில யாரு இழுப்பாங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"நானும் அங்க இருந்தவதான் சார். எழுதி ஒட்டுனா செய்வாங்க."

ப்ராஜெக்ட் பிழைத்தது. சோதனை தோற்றால் முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள் என்று புதியவர்களிடம் சொல்கிறேன். இன்று எங்கள் ஒவ்வொரு வயலிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது: 'தடித்த ஊசி. மெதுவாக.' ஒட்டுபவள் நான்தான். ஒவ்வொரு முறையும் படித்துவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறேன்.