தெப்பத்தில் ஓடிய ஒயர்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணனைப் பற்றி, "பொறுமைசாலி, யார் மனமும் நோகப் பேசாதவர்" என்று நாலு வரி எழுதினால் போதும் என்று வீட்டில் சொன்னார்கள். பொறுமைசாலிதான், யார் இல்லை என்றது? அந்தப் பொறுமையின் மேல் ஊரே ஏறி மிதித்ததே, அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் திருத்தணியில் மலையடிவாரத்தில் பிறந்தார். நைனா சீக்கிரமே போய்விட்டதால், மீசை முளைக்கும் முன்பே சென்னைக்கு ரயிலேறினார். துறைமுகத்தில், படகுகளுக்கு மின்சார விளக்குப் போடும் பட்டறையில் வேலை கற்றார். அவர் உழைப்பில்தான் நான் படித்தேன், எனக்குக் கல்யாணமும் நடந்தது. யுத்தத்தில் குண்டு விழும் என்று சென்னையே காலியானபோது அவரும் ஊர் திரும்பி, பஜாரில் சின்னதாக ஒரு கடை போட்டார்.

நான் வாழ்க்கைப்பட்டது பக்கத்தில் ஒரு நெசவு ஊர். அங்கே தெப்பத் திருவிழாவுக்கு, சொந்தத் தறிகள் வைத்திருந்த என் மாமனார்தான் தலைவர். ஒரு வருஷம், தெப்பத்துக்கு மின்சார விளக்குப் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. டூரிங் கொட்டகையிலிருந்து ஆயில் எஞ்சினும் டைனமோவும் குளக்கரைக்கு வந்தன. வேலைக்கு அண்ணனை அழைத்தார்கள்.

அண்ணன் கொண்டுவந்தது துறைமுகத்தில் படகுக்குப் போடும் ரப்பர் ஒயர். யுத்த காலத்தில் ரப்பர் ஏது? பழைய சிநேகிதரிடம் கெஞ்சி வாங்கியது, பன்னிரண்டு பல்புக்குத்தான் போதும். மாமனாருக்கோ தெப்பத்தின் கோபுரம் முழுக்க விளக்கு வேண்டும். மீதிக்கு, வீட்டுக்குப் போடும் நூல் உறை ஒயர் போதுமே என்றார்.

"வாணாங்க மாமா. வூடு ஆடாது, தெப்பம் ஆடிகினே இருக்கும். ஒத்தைக் கம்பி முறிஞ்சி பூடும். பல இழை முறுக்கின கம்பிதான் தாங்கும். நூலு தண்ணியக் குடிக்கும், ரப்பர் குடிக்காது" என்றார் அண்ணன்.

"இன்னாப்பா, ஒயருல கூடவா மடி ஆசாரம் பாக்கறே? இழையப் பத்தி எனக்கே சொல்றியா?" என்று மாமனார் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

திருவிழாவன்று மத்தியானம், ஒரு பியூஸ் கட்டைக்காக அண்ணன் திருத்தணிக்குப் போனார். அவர் போன பிறகு மாமனார் அந்த நூல் உறை ஒயரை எடுத்தார். என் கண்ணெதிரே, எங்கள் வீட்டுக் கூடத்தில், இணைப்புகள் மேலெல்லாம் கஞ்சி போட்ட பாவு நூலைச் சுற்றினார். தறியில் அந்த நூல் விறைப்பாக நிற்கும். அதனால் ஒயரிலும் நிற்கும் என்பது அவர் கணக்கு. கஞ்சி ஈரத்தை இழுக்கும் என்று நெசவாளிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கையில் ஒரு வித்தை இருந்தால் உலகத்தில் எல்லாம் தெரியும் என்று சிலருக்கு நினைப்பு. அவருடைய தறிகளில் வேலை செய்யும் இரண்டு பேர் அந்த ஒயரைத் தெப்பத்தின் இரும்புக் கம்பத்தில் கட்டினார்கள்.

அண்ணன் திரும்பி வந்தபோது தெப்பம் கரையை விட்டுப் போய்விட்டது. கயிறு இழுக்க இழுக்கத் தண்ணீர் தெறித்தது, கஞ்சி நூல் ஊறியது. தெப்பத்தின் ஆட்டத்தில் தடுமாறிய நாதஸ்வர வித்வான் கம்பத்தைப் பிடித்தார். பிடித்த கையை அவரால் எடுக்க முடியவில்லை. "எஞ்சினை நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி, அண்ணன்தான் அதை நிறுத்தினார். வித்வான் பிழைத்தார், வலது கை விரல்கள் வெந்துபோயின.

மறுநாள் ஊர் என்ன சொல்லிற்று? "கரண்ட் வுட்டு ஆளக் கொல்லப் பாத்தான்" என்றது. யாரை? என் அண்ணனை! கட்டிய இருவரும் வாய் திறக்கவில்லை. மாமனார் தலைகுனிந்து மௌனமாக உட்கார்ந்திருந்தார். துக்கத்தில் இருக்கிறார் என்று எல்லோரும் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். அநியாயத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

நான் கொதித்துப்போய் அண்ணனிடம் ஓடினேன். "வாயத் தொறக்காதம்மா. நீ அந்த வூட்லதான் வாழணும். எம் பேரு போனா போவுது" என்றார். நானும் திறக்கவில்லை. இன்று என் கோபத்தில் பாதி என் மேல்தான்.

அதன் பிறகு ஒரு வீட்டுக்கு ஒயர் இழுக்கக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை. கடையை மூடினார். படகுக்கு விளக்குப் போட்டவர், அரிசி மில்லில் மிஷினுக்கு எண்ணெய் விடும் வேலைக்குப் போனார். பெண் கொடுக்கவும் ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் விஷக் காய்ச்சலில் படுத்தபோதும், "அந்த வித்வானுக்குக் கை எப்பிடிக்கீது?" என்றுதான் என்னைக் கேட்டார்.

அவருக்கு மருந்து கொடுத்த வைத்தியருக்கும், இரவு பகல் பாராமல் உதவிய அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. வாசிக்க முடியாத கையோடு இறுதிச் சடங்குக்கு வந்து, "எஞ்சினை நிறுத்தி என் உசுரக் காப்பாத்துனது இவருதாம்மா" என்று அழுத வித்வானுக்கு என்ன சொல்லி நன்றி கூறுவேன்! இதைப் படித்துவிட்டு, மறுபேச்சில்லாமல் அச்சகத்துக்கு எடுத்துப் போக ஒப்புக்கொண்ட என் கணவருக்கும் நன்றி.

காரியத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர் என் மாமனார். "சம்பந்தி வூட்டுப் புள்ள, ஒரு குறையும் வெக்கக் கூடாது" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பந்தலுக்கு நன்றி, மாமா. அத்தனை பேர் கூடியிருந்த அந்த இடத்தில் நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் உங்கள் வீட்டில் உட்கார்ந்து, உங்கள் மருமகள் எழுதுகிறேன்: அந்த ஒயரை என் அண்ணன் போடவில்லை. நீங்கள் போட்டீர்கள்.